மூவார் ஃபெரியில் படுத்த கார்

மணியத்துக்கு,

நானும் உங்கம்மாவும் சுகம். நான் உனக்குக் கொடுத்த கார்தான் சுகமில்லை என்று உன் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். உங்கம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது ஃபெரி வருகிற இடத்தை மட்டும் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். அவளிடம் நடக்குமா? "அந்த எடத்த திரும்பப் படிங்க" என்றாள். தங்காக்கில் நடந்த கல்யாணத்துக்குப் போய்விட்டு நீயும் சரசுவும் திரும்பி வரும்போது, மூவார் ஆற்றைத் தாண்டி ஃபெரி கரையில் முட்டிய பிறகு கார் கிளம்பவில்லை. பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன. ஃபெரிக்காரர்கள் காரைத் தள்ளிக் கரையேற்றினார்கள். ஆறு மாதக் கர்ப்பிணி உள்ளே உட்கார்ந்திருந்தாள். இவ்வளவையும் இரண்டாம் தடவை கேட்டுவிட்டு உங்கம்மா நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே பாத்திரங்கள் பேசிக்கொண்டதை நீ கேட்டிருக்க வேண்டும்.

ஆக, இப்போது இருக்கும் விஷயம் இதுதான். அடுத்த மாதம் இங்கே மலாக்காவில், காஜா பேராங் வீட்டில் சரசுவுக்கு வளைகாப்பு. அது முடிந்ததும் பிரசவத்துக்கு அவள் கிளேபாங்கில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போவாள். அதற்கு முதலில் அவள் உன் எஸ்டேட்டிலிருந்து இங்கே வந்து சேர வேண்டும். நடுவில் அதே ரோடு, அதே ஆறு, அதே ஃபெரி. பஸ் என்றால் அந்த டீசல் நாற்றம் அவளுக்கு ஆகவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் மாமனார் தன் புதுக் காரை டிரைவரோடு அனுப்பத் தயார். நீயோ, 'என் பெண்டாட்டியை என் காரில்தான் கூட்டி வருவேன், டைனமோ போய்விட்டதென்றால் எதையாவது விற்றாவது புது டைனமோ போடுவேன்' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியின் கீழே கோடு வேறு போட்டிருக்கிறாய். கோடு போட்டு எழுதுகிற புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதனால் திட்டப் போவதில்லை.

உன் மாமனாருக்கு விஷயம் நான் சொல்லித் தெரியவில்லை. மூவாரிலிருந்து வந்த யாரோ அவர் துணிக்கடையில் வேட்டி வாங்கும்போது சொல்லியிருக்கிறார்கள். அவர் நேரே நான் எடை போடும் ரப்பர் கிடங்குக்கே வந்துவிட்டார். "என்ன சம்பந்தி, மாப்பிள்ளை காடி ஃபெரியில படுத்துக்கிச்சாமே?" என்றார், கிடங்கில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "ஒண்ணுமில்ல சம்பந்தி, ஆத்துக் காத்து நல்லா இருந்திருக்கும், கொஞ்சம் கண்ண மூடியிருக்கும்" என்றேன். "வயசாச்சுல்ல. காடிக்கும்தான், காடியக் குடுத்தவருக்கும்தான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் போகும்போது குரல் மாறிவிட்டது. "வெளையாட்டு வேற சம்பந்தி. எனக்கு அது ஒரே பொண்ணு" என்றார். கிடங்கு வாசல்வரை கூடப் போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தேன்.

உன் காருக்கு என்ன கோளாறு என்று எனக்குத் தெரியும். இங்கே உட்கார்ந்தபடியே சொல்கிறேன், பார். நீ எழுதியதை வரிசையாகப் பார்த்தேன். காலையில் செல்ஃப் போட்டால் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. மூவார் ஒர்க்ஷாப்காரர் பேட்டரி செத்துவிட்டது என்றார். புதுப் பேட்டரி போட்டாய். அதுவும் கொஞ்ச நாளில் படுத்துவிட்டது. இப்போது அவரே டைனமோவை மாற்று என்கிறார். ஓடும்போது சிவப்பு விளக்கு மங்கலாக எரிகிறது. எல்லாம் சரி. ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: 'எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு வந்த அந்தக் கீச்சுச் சத்தம் மட்டும் இப்போது அறவே நின்றுவிட்டது, அது ஒன்றுதான் ஆறுதல்.' எப்படி நின்றது என்று நீ எழுதவில்லை. மகனே, நீ என் பிள்ளை. உன் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டில் எந்த அளவில் இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வா. நான் காத்திருக்கிறேன்.

பார்த்தாயா? எனக்கு எப்படித் தெரியும் என்றால், நீ எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலைக்குப் புதிதாய்ப் போயிருந்த காலத்தில் இதே காருக்கு இதே வைத்தியத்தை நான் செய்தேன். உனக்கு எழுதவில்லை. ஒரு தகப்பன் மகனுக்கு எழுதக்கூடிய விஷயமாக அது அப்போது தெரியவில்லை. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரையிடமிருந்து அந்தக் காரை வாங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. காலையில் கிளப்பினால் பானெட்டுக்கு உள்ளேயிருந்து கீச்சென்று கத்தும். எதிர்வீட்டு மலாக்காச் செட்டிக்காரரை உனக்குத் தெரியும், நெற்றியில் விபூதி, வாயில் மலாய். "உன் கார் வந்ததிலிருந்து எங்கள் சேவலுக்கு வேலை போய்விட்டது" என்று மலாயில் சொல்லிச் சிரிப்பார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கதவு கத்தினால் என்ன செய்கிறோம், தொட்டில் சங்கிலி கத்தினால் என்ன செய்கிறோம்? எண்ணெய் விடுகிறோம். பானெட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, கத்துவது ஃபான் பெல்ட்தான் என்று கண்டுபிடித்து, உங்கம்மா தலைக்கு வைத்திருந்த எண்ணெயை எடுத்து, குழந்தைக்குத் தேய்ப்பது போல அந்த பெல்ட்டுக்குச் சுற்றிலும் தேய்த்துவிட்டேன். மறுநாள் கார் பூனை மாதிரி கிளம்பியது. நானே பெரிய மெக்கானிக் என்று கிடங்கில் எல்லோரிடமும் சொன்னேன். இரண்டு பேர் தங்கள் சைக்கிளைக்கூடக் கொண்டுவந்து காட்டினார்கள்.

அந்த பெல்ட்தான் டைனமோவைச் சுற்றுகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தளர்ந்துபோய் வழுக்கினால்தான் அது கத்தும் என்றுதான் தெரியாது. அது வழுக்குகிறேன், வழுக்குகிறேன் என்று காலையிலெல்லாம் கத்தியிருக்கிறது. நான் எண்ணெய் தடவி இன்னும் நன்றாக வழுக்கு என்று அனுப்பிவைத்தேன். அப்புறம் டைனமோ எப்படிச் சுற்றும்? பேட்டரி தண்ணீர்த் தொட்டி, டைனமோதான் அதற்குக் குழாய். நான் குழாயை அடைத்துவிட்டுத் தொட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயும் இப்போது அதைத்தான் செய்கிறாய். உன் தொட்டி புதுசு, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் கண்டுபிடித்தது உங்கம்மாதான். ஒரு நாள் பொழுது சாயும்போது கிளேபாங் கடற்கரைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தோம். "என்னங்க, வெளக்கு மஞ்சளா எரியுது" என்றாள். "வெளக்கு வெள்ளையாத்தான் எரியுது. ஒங் கண்ணுதான் மஞ்சளா இருக்கு" என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். எனக்கு அவள் மேல் அக்கறை வந்துவிட்டது. அக்கறையோடு டவுனுக்குக் கூட்டிப் போய்க் கண்ணாடிக் கடையில் உட்கார வைத்து, கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வரும் வழியில் அதைப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். "இப்ப எப்படி?" என்றேன். "இப்ப ரொம்பத் தெளிவா மஞ்சளா தெரியுது" என்றாள்.

அதற்குப் பிறகும் எனக்கு உறைக்கவில்லை. மெர்டேக்கா தேதியை, நாட்டுக்குச் சுதந்திரம் என்றைக்கு என்று, நம் ஊர்த் திடலில் வைத்து அறிவித்தார்களே, அன்றைக்கு ஊரே திரண்டு போனது. நாங்களும் காரில் போனோம். கூட்டத்தில் கார் நடக்கக்கூட இல்லை, தவழ்ந்தது. நான் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நிற்கிற இடத்திலெல்லாம் எஞ்சினை அணைத்து, நகர்கிற இடத்திலெல்லாம் செல்ஃப் போட்டேன். சும்மா ஓடும் எஞ்சினில் டைனமோ பேட்டரிக்கு ஒன்றும் கொடுக்காது என்பதும், செல்ஃபைப் போலப் பேட்டரியைக் குடிக்கும் பொருள் காரில் வேறு இல்லை என்பதும் நீ இப்போது தெரிந்துகொள்ள வேண்டியவை. எனக்கு அன்று தெரியாது. போதாததற்கு எல்லோரும் ஹாரன் அடித்தார்களே என்று நானும் அடித்தேன். கடைசியில் ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டு நின்றது. அதோடு காரும் நின்றது. இளைஞர்கள் ஓடிவந்தார்கள், மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும். ஒருவன் "மெர்டேக்கா!" என்று கத்த, எல்லோரும் சேர்ந்து ஒரு தள்ளு. மறுபடி "மெர்டேக்கா!", மறுபடி ஒரு தள்ளு. வெள்ளைக்காரன் காரை நாட்டை விட்டே தள்ளுகிறோம் என்று ஒருத்தன் சொன்னான். உள்ளே உங்கம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறாள்.

உன்னைப் போலவே நானும் புதுப் பேட்டரி போட்டேன். அது படுத்த பிறகுதான் கிடங்குக்கு வரும் லாரி டிரைவர் ஒருவர் டைனமோவைச் சோதிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். முறை நல்ல முறை. நீயும் அதைத்தான் செய்ய வேண்டும், அதனால் கவனமாகப் படி. பேட்டரியை வெளியில் சார்ஜ் ஏற்றி வைத்துக்கொள். டைனமோவின் பின்பக்கம் இரண்டு கம்பிகள் வந்து மாட்டியிருக்கும், ஒன்று தடிமன், ஒன்று மெலிசு. எது எங்கே இருந்தது என்று நினைவில் வைத்துக்கொண்டு இரண்டையும் கழற்றி, ஒன்றிலும் படாமல் ஒதுக்கி வை. கம்பி இருந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் ஒன்றாகக் கட்டு. ஒரு ஹெட்லைட் பல்பை எடுத்து, அதன் ஒரு கம்பியை அந்த முனையிலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வை. எஞ்சினை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரை மெல்ல, மெல்ல என்றால் மெல்ல, மிதிக்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்தால் டைனமோ நன்றாக இருக்கிறது, கோளாறு வேறிடத்தில். எரியாவிட்டால் டைனமோவுக்குள் ஏதோ இருக்கிறது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பல்பைப் பார்க்க, ஒருவர் மிதிக்க.

எனக்கு மிதிக்க இருந்த ஒரே ஆள் உங்கம்மா. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவள், "எவ்வளவு மிதிக்கணும்?" என்றாள். "கொஞ்சமா" என்றேன். "கொஞ்சம்னா எவ்வளவு?" "ஒனக்குத் தெரிஞ்ச மாதிரி மிதி" என்று சொல்லிவிட்டுப் பானெட்டுக்குள் தலையை விட்டேன். அவளுக்குத் தெரிந்தது தையல் மெஷின். ஒரே தாளத்தில், மேலே, கீழே, மேலே, கீழே. எஞ்சின் ஏறி இறங்க, பல்பு பளிச்சென்று எரிந்து, மங்கி, எரிந்து, மங்கி. நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெரிய வைத்தியன் மாதிரி அதையே பார்த்தேன். ஆகா, டைனமோ விட்டு விட்டு வேலை செய்கிறது, உள்ளே ஏதோ ஆடுகிறது என்று முடிவு கட்டினேன். அப்போதே கழற்றி, துண்டில் சுற்றி, ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிப் போவது போல நம் தெருக்கோடி ஒர்க்ஷாப்பில் சீன மெக்கானிக் ஆ லோங்கிடம் கொண்டுபோனேன். அவன் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒன்றுமில்லையே, யார் சோதித்தது?" என்று மலாயில் கேட்டான். நானும் என் மனைவியும் என்றேன். காரைக் காட்டு என்று கூடவே வந்தான். பெல்ட்டை ஒரு விரலால் தொட்டான், விரலை முகர்ந்தான், என் தலையைப் பார்த்தான். "தினமும் காருக்குத் தலை வாரி விடுகிறாயா, இல்லை வெள்ளிக்கிழமை மட்டுமா?" என்றான்.

சரி, சிரித்து முடித்துவிட்டாயா? இப்போது நீ செய்ய வேண்டியது. நான் மூவார் பஸ் கண்டக்டரிடம் புது பெல்ட் ஒன்று கொடுத்தனுப்புகிறேன். எண்ணெய் குடித்த பெல்ட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி மாட்டலாம் என்று நினைக்காதே, நானும் கழுவிப் பார்த்தவன்தான். பெல்ட் ஓடும் சக்கரங்களில் இருக்கும் எண்ணெயையும் பெட்ரோல் துணியால் துடைத்துவிடு. மாட்டும்போது டைனமோவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஒரு கட்டையால் வெளிப்பக்கம் நெம்பிக்கொண்டு இறுக்கு. நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் கொடுக்க வேண்டும், தொங்கவும் கூடாது, வீணைத் தந்தி போல விறைக்கவும் கூடாது. ரொம்ப இறுக்கினால் டைனமோவின் பேரிங் போய்விடும். அப்புறம் பல்புச் சோதனை. ஒருவேளை எரியாவிட்டால், டைனமோவின் பின்பக்கம் சுற்றியிருக்கும் தகட்டை விலக்கிப் பார், உள்ளே இரண்டு கரித்துண்டுகள் இருக்கும். தேய்ந்து மொட்டையாகியிருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். பல்பு எரிந்தும் பேட்டரி ஏறவில்லை என்றால் கோளாறு எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில் மாட்டியிருக்கும், பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கட்-அவுட் பெட்டியில். அதைத் திறந்து குடையாதே, தெரிந்தவரிடம் காட்டு. யாராவது, எஞ்சின் ஓடும்போது பேட்டரிக் கம்பியைப் பிடுங்கிப் பார்க்கலாம், நின்றுவிட்டால் டைனமோ போச்சு என்று சொன்னால், அவர் சொந்தக் காரில் பிடுங்கிப் பார்க்கச் சொல். எல்லாம் முடிந்த பின் பொழுது சாயும்போது விளக்கைப் போட்டு எஸ்டேட் ஸ்டோர் சுவருக்கு எதிரே காரை நிறுத்து. மிதித்தால் சுவரில் வெளிச்சம் ஏற வேண்டும். ஏறினால் கார் பிழைத்தது. சும்மா நிற்கும்போது சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துப் பயப்படாதே, அது அதன் குணம். ஓடும்போது எரிந்தால்தான் பயம்.

உன் கார் பிழைத்துவிடும் என்று எனக்குச் சந்தேகமில்லை. டைனமோவுக்காக எதையும் விற்க வேண்டியதில்லை. சோதனை சரியாக வந்தால் துணிந்து சரசுவைக் கூட்டிக்கொண்டு கிளம்பு. ஃபெரியில் ஏறியதும் விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் அணைத்துவிடு. சரியாக வராவிட்டால், மாமனார் காருக்குச் சரி என்று அன்றைக்கே எழுதிவிடு. அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஊர் கூடித் தள்ளிய காரில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், அவமானம் இரண்டு நாளில் சிரிப்பாகிவிடும். கர்ப்பிணியை ஆற்றங்கரை வெயிலில் உட்கார வைத்தால் அது சிரிப்பாகாது.

இந்த இடத்தில் கடிதத்தை முடித்து உறையில் போடலாம் என்றுதான் இருந்தேன். தபாலுக்கு முன்னால் உங்கம்மாவுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். தையல் மெஷினுக்குச் சிரித்தாள், கண்ணாடிக்கு முறைத்தாள், பெல்ட்டை எப்படி இறுக்குவது என்ற இடத்தில் கொட்டாவி விட்டாள். எல்லாம் முடிந்ததும் கேட்டாள்.

"சரசு என்ன சொல்லுது?"

"அது என்ன சொல்லும்? அவன் எழுதலையே."

"சம்பந்தி அவர் காடிங்கிறாரு, இவன் அவன் காடிங்கிறான், நீங்க பல்புங்கிறீங்க. போறது அந்தப் பிள்ளை. அதை யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?"

நான் உன் கடிதத்தை எடுத்து மறுபடி முழுக்கப் படித்தேன். பேட்டரி இருக்கிறது, ஒர்க்ஷாப் இருக்கிறது, மாமனார் இருக்கிறார், நீ இருக்கிறாய். சரசு வருகிற இடம் ஒன்றே ஒன்று: 'அவள் ஒன்றும் சொல்லவில்லை.' ஃபெரியில் அத்தனை ஹாரன் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள் ஒன்றும் சொல்லவில்லை என்பதை நீ நல்ல செய்தியாகவே எழுதியிருக்கிறாய். நானும் நல்ல செய்தியாகவே வாசித்திருக்கிறேன். என் கடிதத்தையும் பார்த்தேன். இத்தனை பக்கத்தில் சரசுவை ஒரு மூட்டையைப் போல ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஏற்றி இறக்குவதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

அதனால் வரிசையை மாற்றுகிறேன். பெல்ட் அப்புறம், பல்பு அப்புறம். இதைப் படித்து முடித்ததும் அவளிடம் போய்க் கேள். எப்படி வர உனக்குப் பயமில்லை என்று கேள். அவள் உடனே "உங்க இஷ்டம்" என்பாள். அது பதில் இல்லை, அங்கேயே உட்கார்ந்திரு. அப்பா வீட்டுக் காரில்தான் வருவேன் என்றால் சிரித்த முகத்தோடு சரி என்று சொல், நம் கார் அதற்காகக் கோபித்துக்கொள்ளாது. உன் காரில்தான் என்றால் அவளையே மெல்ல மிதிக்கச் சொல்லி இரண்டு பேருமாகச் சோதித்துக்கொண்டு வாருங்கள். முந்தானை பானெட் பக்கம் போகாமல் அவள் சீட்டிலேயே இருக்கட்டும். இந்த ரோடும் ஆறும் இப்போதைக்கு வேண்டாம், அங்கேயே இருக்கிறேன் என்றாலும் அதற்கும் தலையாட்டு. சம்பந்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன். வளைகாப்பை மருமகளிடம் கொண்டுவர எங்களுக்கு டைனமோ தேவையில்லை. உங்கம்மா இப்போதே அண்டாவைத் துலக்க எடுத்துவிட்டாள். ஐந்து வகைச் சோற்றையும் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவோம், மூவார் ஃபெரியில் இறங்கி நடப்போம்.

அவள் சொல்வதை அவள் வார்த்தையிலேயே எழுது. கீழே கோடு எதுவும் போடாதே.

உன் அப்பா